என் பாடத்துக்கு நானே சொன்ன தீர்ப்பு

வாங்க தம்பி, வாங்க. நீங்கதானே அந்த ட்ரெயினிங் கம்பெனியிலேருந்து வர்றவரு? பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். கழுத்துல கயிறு, கயித்துல அட்டை, தோள்ல லேப்டாப் பை. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க.

வகுப்பறைச் சாவிதானே? நம்ம அட்டெண்டர் மாயாண்டிகிட்ட இருக்கு. ஆபீஸ் வரைக்கும் போயிருக்காரு, வந்துருவாரு. அதுக்குள்ள உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லிர்றேன். பயப்படாதீங்க, சுருக்கமாத்தான் சொல்லுவேன். சுருக்கம்தான் பேச்சுக்கு அழகுன்னு ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்திருக்கேன்.

இன்னிலேருந்து அந்த அறையில நீங்க கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் நடத்தப்போறீங்க. நல்லது, நடத்துங்க. போன வாரம் வரைக்கும் அதே அறையில நான் பேச்சுக்கலை நடத்தினேன். பி.ஏ. தமிழ்ல விருப்பப் பாடம். இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எந்தக் கல்லூரியிலயும் கிடையாது. பல்கலைக்கழகத்துக்கு நடையா நடந்து, செருப்பு தேஞ்சு நான் வாங்கிட்டு வந்த பாடம். அதை இப்ப மூடியாச்சு. யாரு மூடினதுன்னு உங்களுக்குத் தெரியுமா? செயலர் மூடிட்டாருன்னுதான் ஊரெல்லாம் பேசிக்கிறாங்க. செயலர் பாவம் தம்பி. மூடினது நான். நடுவரா உக்காந்து, கேட்டு, சீர்தூக்கி, நானே தீர்ப்பு சொல்லி மூடினேன். சிரிக்காதீங்க. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?

முதல்ல பாடம் எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சுக்கங்க. இங்க வர்ற பிள்ளைக எல்லாம் சுத்துப்பட்டிக் கிராமத்துப் பிள்ளைக. முதல் நாள் எழுந்திரிச்சுப் பேரைச் சொல்லச் சொன்னா, பேரையே மென்னு முழுங்கிட்டு உக்காந்துரும். அப்படி வந்த பிள்ளைகளை மேடையில ஏத்தி மைக்கைப் பிடிக்க வச்சிருக்கேன். என்கிட்டப் படிச்ச ஒருத்தன் வக்கீல். ஒருத்தி பஞ்சாயத்துத் தலைவி. ஒருத்தன் மாட்டுச் சந்தையில ஏலம் விடுறான், அவன் குரல் கேட்டா மாடே திரும்பிப் பாக்கும். அவையை வணங்கணும், கடைசி வரிசைக்குக் கேக்கப் பேசணும், ஆளைப் பாத்துப் பேசணும், எடுத்துக்காட்டு சொல்லணும். எடுத்துக்காட்டு கையில இல்லையா, ஒண்ணை உண்டாக்கிக்கணும். இதெல்லாம் நான் கத்துக்குடுத்தது.

பசங்க எனக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க. 'நிறைவாக ஐயா.' ஏன்டா அப்படிக் கூப்பிடுறீங்கன்னு என் மாணவன் கோமதிநாயகத்தைக் கேட்டேன். 'நீங்க பேசினா மனசு நிறைஞ்சுருதுல்லய்யா, அதான்'னான். சொல்லிட்டு இருமல் வந்து வெளிய ஓடிட்டான். சளி அவனுக்கு. நல்ல பையன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நம்ம செயலர் பருப்பு மில் முதலாளி. ஒருநாள் கூப்பிட்டு விட்டாரு. 'சங்கரலிங்கம் ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்க பாடத்தைப் படிச்சா பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குதா? கம்பெனிக்காரங்க வந்து சொல்லிக்குடுக்கிறோம்னு கேக்குறாங்க. கமிட்டி கூடி முடிவு பண்ணணும். அதுக்கு முன்னால உங்க தரப்பை ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க'ன்னாரு.

எங்க துறைத் தலைவர் கனகவல்லி அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. 'சார், தயவுசெஞ்சு ரெண்டே பக்கம் எழுதிக் குடுத்துருங்க. நானும் கையெழுத்துப் போடுறேன், பாடம் பிழைச்சுக்கும்.' எனக்கு அது சரியாப் படலை. பேச்சுக்கலை வாத்தியார் எழுதிக் குடுக்கிறதா? நீச்சல் வாத்தியார் ஆத்தைத் தாண்ட பரிசல் கேட்ட கதையா ஆயிராது? நான் சொல்லிட்டேன்: 'அம்மா, முத்தமிழ் விழா வருது. கமிட்டி மொத்தமும் முன்வரிசையில உக்காரும். பட்டிமன்றம் போடுவோம். கல்லூரியில் பேச்சுக்கலைப் பாடம் தேவையா, தேவையில்லையா? என் பிள்ளைக பேசுறதைக் கேட்டா அங்கனயே கமிட்டி எழுந்து நின்னு பாடத்தை வாழ்த்தும்.'

அந்தம்மா நெத்தியில கை வச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு அடிக்கடி தலைவலி வரும்.

என் வகுப்புல ஒரு வழக்கம் தம்பி. யாரு எந்தக் கட்சிக்குப் பேசுறதுங்கிறதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு பண்றது. உனக்குப் புடிச்ச பக்கம், எனக்குப் புடிச்ச பக்கம்கிற பேச்சே கிடையாது. தனக்குப் புடிச்சதுக்கு மட்டும் பேசுறவன் பேச்சாளி இல்லை, சண்டைக்காரன். இந்த ஒரு தடவை குலுக்க வேணாமேன்னு கனகவல்லி அம்மா கெஞ்சினாங்க. ஒத்துக்க முடியுமா? குலுக்கினேன். 'தேவை'ங்கிற கட்சி கோமதிநாயகத்துக்கு. 'தேவையில்லை' பேச்சியம்மாளுக்கு.

பேச்சியம்மாள் யாருன்னு சொல்லணும். செவக்காட்டுப்பட்டிப் பொண்ணு. மூணாம் வருஷம். பேருலதான் பேச்சு, முதல் வருஷம் முழுக்க அது வாயைத் தெறந்து நான் பாத்ததில்லை. ரெண்டாம் வருஷம் தட்டுத் தடுமாறிப் பேச ஆரம்பிச்சுது. மூணாம் வருஷத்துல கோமதிநாயகத்துக்குச் சமமா நிக்குது. நான் சும்மா சொல்லலை, அந்தப் பொண்ணு நின்னதே என் பாடத்தாலதான்.

'சரி சார், நடுவர் யாரு?'ன்னு கேட்டாங்க அந்தம்மா. 'நான்தான்.' 'உங்க பாடத்துக்கு நீங்களேவா?' 'வேற யாரும்மா இருக்கா இந்த வட்டாரத்துல?' உள்ளதைச் சொல்றேன் தம்பி, இதுல தற்பெருமை ஒண்ணும் இல்லை. நீங்க கோயில் திருவிழாப் பட்டிமன்றம் கேட்டிருப்பீங்க. தீர்ப்பு எங்க முடிவாகும்னு நினைக்கிறீங்க? மேடையிலயா? வர்ற வழியில கார்லயே முடிவாயிரும். 'அண்ணே, குடும்ப நிம்மதிக்குக் காரணம் கணவனா மனைவியா, இன்னிக்கு எந்தப் பக்கம்?' 'கூட்டத்துல பொம்பளையாளு நிறையவா? அப்ப மனைவிதான்.' அவ்வளவுதான் தீர்ப்பு. பேசுற ஆறு பேருக்கும் தெரியும், டீ குடுக்கிறவருக்கும் தெரியும். நான் அந்த ரகம் கிடையாது. கடைசி ஆள் பேசி உக்கார்ற வரைக்கும் தீர்ப்பு என்னன்னு எனக்கே தெரியாது. இது ஊரறிஞ்ச சங்கதி. அதனாலதான் இப்ப யாரும் என்னைத் திருவிழாவுக்குக் கூப்பிடுறதில்லை.

விழா அன்னிக்கு அரங்கம் நிறைஞ்ச கூட்டம். முதல்ல கோமதிநாயகம். என்னையே உரிச்சு வச்ச மாதிரிப் பேசினான் தம்பி. நான் கையைத் தூக்குற அதே தூக்கு, நான் நிறுத்துற அதே நிறுத்து. நடுவுல கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டினான். அவனுக்குக் கண்ணாடியே கிடையாது. இருந்தாலும் கழட்டித் துடைச்சு மாட்டினான். அவையே சிரிச்சுச் சிரிச்சு ரசிச்சுது. முன்வரிசையில மட்டும் செயலர் லேசாக் கண்ணசந்திருந்தாரு. மில்லுல வேலை அதிகம் போல.

அடுத்தது பேச்சியம்மாள். வந்து நின்னுச்சு. கையைத் தூக்கலை. 'அவையோருக்கு வணக்கம்'னு ஒரே வார்த்தை. அப்புறம் அப்படியே பேச்சு மாதிரி இல்லாம, பக்கத்து வீட்டுல உக்காந்து சொல்ற மாதிரி ஆரம்பிச்சுது.

'எங்க ஊருக்குக் குடிதண்ணி வர்றதில்லை. போன வருஷம் ஒரு திங்கக்கிழமை மனு நாளுக்கு ஊர்க்காரங்க எல்லாம் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். நீதான் பேச்சுக்கலை படிக்கிறவ, நீயே பேசுன்னாங்க. ஐயா சொல்லிக்குடுத்தபடியே பேசினேன். கலெக்டர் பேனாவைக் கீழ வச்சுட்டுக் கேட்டாரு. முடிச்சதும் கைதட்டினாரு. அருமையாப் பேசுறியேம்மா, எந்தக் காலேஜுன்னு கேட்டாரு. சுத்தி இருந்த ஆபீசருங்களும் கைதட்டினாங்க. எங்களுக்குப் பெருமை தாங்கலை. பஸ் ஏறிட்டோம். பாதி வழி வந்த பிறகு எங்கம்மா கேட்டுச்சு: ஏடி, தண்ணியப் பத்தி அவரு என்னடி சொன்னாரு?'

அங்க நிறுத்துச்சு பாருங்க. 

'ஒண்ணும் சொல்லலை. நாங்களும் கேக்கலை. பக்கத்து ஊர்ல யாரும் பேச்சுக்கலை படிக்கலை. அவங்க நேராப் போயி ரோட்டுல உக்காந்தாங்க. சாயங்காலம் தண்ணி லாரி வந்துருச்சு. நல்லாப் பேசினா கைதட்டுதான் வருது. அதனால இந்தப் பாடம் தேவையில்லை. வணக்கம்.'

அவ்வளவுதான். போய் உக்காந்துருச்சு. எழும்புச்சு பாருங்க கைதட்டு! செயலர் முழிச்சு முன்னால சாஞ்சு உக்காந்திருந்தாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அந்த பஸ்ஸை யோசிங்க தம்பி! அம்மாவோட கேள்வியைக் கலெக்டர் ஆபீஸ் வாசல்லயே வச்சிருந்தா கதை செத்துருக்கும். பஸ்ல ஏத்தி, பாதி வழியில கொண்டுபோய் வச்சுது பாருங்க! எடுத்துக்காட்டு இல்லேன்னா உண்டாக்கிக்கன்னு நான் சொல்லிக்குடுத்ததை இப்படி உண்டாக்கிக் காட்டின பிள்ளை இதுவரைக்கும் யாரும் இல்லை. அந்த நிமிஷம் எனக்குப் பாடமும் தெரியலை, கமிட்டியும் தெரியலை. என் மாணவின்னு நெஞ்சு நிமிந்துருச்சு.

மத்தவங்களும் பேசி முடிச்சாங்க. தீர்ப்பு சொல்ல எழுந்திரிச்சேன். 'தேவை'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பாடம் நிக்கும். எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம்தான் போய்க்கிட்டிருந்தேன். ஆனா ஒரு நடுவர் எடுத்த உடனே ஒரு பக்கம் சாயக்கூடாது. அதனால, 'தேவையில்லை என்ற அணியின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது'ன்னு மரியாதைக்கு ஒரு வாக்கியம் சொன்னேன். கைதட்டினாங்க.

கைதட்டு வந்தா அடுத்த வாக்கியம் அதைவிட ஒரு படி மேல இருக்கணும் தம்பி, கீழ எறங்கக்கூடாது. அது மேடை இலக்கணம். நான் ஒரு படி ஏறினேன். 'இத்தனை ஆண்டுகள் பேசிப் பேசி நான் கண்டது என்ன? என் வீட்டில் மின்சாரம் போனால் நான் பேசியா வருகிறது? மின்பணியாளர் பேசாமல் வருகிறார், பேசாமல் போகிறார், விளக்கு எரிகிறது!' விசில் அடிச்சாங்க. பேராசிரியருக்கு விசில் அடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா? எனக்கு அன்னிக்கு அடிச்சாங்க. இன்னும் ரெண்டு படி ஏறினேன். நிறைவாக என்றேன். அப்புறமும் கொஞ்சம் இருந்துச்சு, சொன்னேன். மறுபடி நிறைவாக என்றேன். முன்வரிசையில கனகவல்லி அம்மா ரெண்டு கையையும் தூக்கி இப்படி இப்படி ஆட்டுறாங்க. இவ்வளவு காலம் என்னைப் பாராட்டாத அம்மா, அவங்களே தன்னை மறந்துட்டாங்க பாருங்களேன்னு இருந்துச்சு எனக்கு.

கடைசியில, 'பேச்சுக்கலைப் பாடம் தேவையில்லை, தேவையில்லை, தேவையே இல்லை'ன்னு முடிச்சேன். அரங்கமே எழுந்து நின்னுருச்சு. நீதி வென்ற அன்னிக்கு அப்படித்தான் இருக்கும்.

செயலர் மேடை ஏறி எனக்குப் பொன்னாடை போத்தினாரு. மைக்கை வாங்கினாரு. 'நடுவர் ஐயாவின் தீர்ப்பே கமிட்டியின் தீர்ப்பு'ன்னாரு. எறங்கிப் போயிட்டாரு. ஒரே வாக்கியம் தம்பி. மனுசன் பேச்சுக்கலை படிச்சதில்லை, ஆனாலும் நல்ல வாக்கியம். எனக்கு அது புரியறதுக்குள்ள நாற்காலியெல்லாம் அடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

மறுநாள் பேச்சியம்மாள் இதே அறைக்கு வந்துச்சு. நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் நின்னுச்சு. கண்ணு வீங்கியிருந்துச்சு. நான் தேத்தினேன். 'அழாதம்மா. பாடம் போனாப் போகுது. நீ உண்டாக்கின அந்தத் தண்ணிக் கதை ஒண்ணு போதும் எனக்கு.'

'அது உண்டாக்கினது இல்லைங்கய்யா.'

'எது?'ன்னேன்.

'எல்லாமே. தண்ணி இன்னும் வரலைங்கய்யா.'

நான் பேசாம இருந்தேன். நான் பேசாம இருந்தேன்னு சொன்னா என் வீட்டம்மாவே நம்ப மாட்டா, ஆனா இருந்தேன். அந்தப் பொண்ணுதான் பேசுச்சு. 'நீங்க எப்படியும் தேவைன்னுதான் தீர்ப்பு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்யா. எல்லாப் பட்டிமன்றத்துலயும் முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருப்பாங்கல்ல? உங்க பாடம், நீங்க விட்டுருவீங்களா? அந்தத் தைரியத்துலதான் மனசுல கிடந்ததை அப்படியே கொட்டிட்டேன். இந்தப் பாடம் இல்லேன்னா நான் கலெக்டர் முன்னாடி நின்னே இருக்க மாட்டேன்யா. என் தங்கச்சி இதைப் படிக்கத்தான் அடுத்த வருஷம் இங்க சேரணும்னு இருந்தா.'

'இதை ஏம்மா மேடையில சொல்லலை?'

'எனக்கு விழுந்தது தேவையில்லைங்கிற சீட்டுங்கய்யா.'

ஒளிக்காமச் சொல்றேன், அழுதுட்டேன். ஊரு பூரா கார்ல வர்றப்பவே தீர்ப்பை முடிவு பண்ணிருது, அதுல நான் ஒருத்தன் நேர்மையா இருந்து, ஒரு பொண்ணை ஏமாத்திட்டேன்னு இருந்துச்சு. நேர்மைக்கு இப்படி ஒரு தண்டனையா?

அப்புறம் ஒரு யோசனை வந்துச்சு. 'சரி, அன்னிக்குக் கலெக்டர்கிட்ட என்ன பேசினே, பேசிக் காட்டு'ன்னேன். பேசிக் காட்டுச்சு. பிசிறே இல்லை. வானத்தைக் கூப்பிட்டுச்சு, மேகத்தைக் கூப்பிட்டுச்சு, தாய்மாரோட கண்ணீரைக் கூப்பிட்டுச்சு. ஆனா எந்த ஊரு, எத்தனை வீடு, எப்பலேருந்து தண்ணி இல்லை, எதுவுமே அதுல கிடையாது. எத்தனை நாள்ல தருவீங்கன்னு கேக்கவே இல்லை. 'ஏம்மா, கேக்க வேணாமா?'ன்னேன். அது என்னை நிமிந்து பாத்துச்சு. 'கேக்கணும்னு நீங்க சொல்லிக்குடுக்கவே இல்லையேய்யா'ன்னுச்சு.

நான் என்ன பண்றது தம்பி? அது பாடத்திட்டத்துல இல்லை.

இந்தா, மாயாண்டி வந்துட்டாரு. சாவியை வாங்கிக்கங்க. ரெண்டாவது சுவிட்சைத் தொடாதீங்க, ஷாக் அடிக்கும். கடைசி பெஞ்சுக்குக் கேக்கப் பேசுங்க, அங்கதான் நல்ல பிள்ளைக உக்காந்திருக்கும். நீங்க வந்ததுலேருந்து என்னமோ சொல்ல வாயெடுத்துக்கிட்டே இருக்கீங்க, நாளைக்குச் சாவகாசமாச் சொல்லுங்க. எனக்கு இப்ப நேரமில்லை. நான் இன்னிக்கு லீவு. கேட்டுல செவக்காட்டுப்பட்டி வேன் நிக்குது பாருங்க. இன்னிக்குத் திங்கக்கிழமை, மனு நாள். மறுபடியும் போறோம்.

பேச்சியம்மாள்தான் பேசுது. நான் பன்னெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன். 'ஐயா, இதைப் பேசி முடிக்கிறதுக்குள்ள கலெக்டர் மாத்தலாகிப் போயிருவாரு'ன்னு சொல்லிட்டு அதுவா நாலு வரி மட்டும் எழுதி வச்சுக்கிச்சு. நாலும் நான் எழுதினது இல்லை.

எனக்கு என்ன வேலையா? இந்தா, மேசைக்கு அடியிலேருந்து எடுக்கிறேன் பாருங்க, பிளாஸ்டிக் குடம். எங்க வீட்டுக் குடம்தான். இதைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கணும். வாயைத் திறக்கக்கூடாதாம். 'அதெப்படிம்மா? பேராசிரியர்னு தெரிஞ்சு, கலெக்டரே என்னைப் பாத்து, ஐயா நீங்க என்ன சொல்ல விரும்புறீங்கன்னு கேட்டா? மரியாதைக்கு ஒரு நாலு வார்த்தை...'ன்னு இழுத்துப் பாத்தேன்.

'கேட்டா, குடத்தைக் கவுத்துக் காட்டுங்கய்யா'ன்னுருச்சு.